ரசீதில் யார் பெயர், ஏஜென்ட் கோடு யார் கையில்?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன், வயது 34. நாத்தனாரின் தோழி ஒருவர் தன் கம்பெனியில் நிதி ஆலோசகராகச் சேரச் சொல்கிறார். பாண்டிச்சேரியில் ஓட்டலில் நடந்த கூட்டத்துக்கும் போய் வந்தேன். இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட் இரண்டும் விற்கலாமாம். சேர 7,500 ரூபாய் கட்டி, தெரிந்தவர்கள் 50 பேரின் பெயரும் நம்பரும் எழுதித் தர வேண்டுமாம். இது சரியான கம்பெனியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பணம் கட்டும் முன்பே கேட்டீர்களே, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

பாலிசியைத் தருவது இன்சூரன்ஸ் கம்பெனி. உங்களைக் கூப்பிடுவது நடுவில் நின்று ஆள் சேர்த்து விற்றுக் கொடுக்கும் கம்பெனி. அப்படி நடுவில் நிற்பது தப்பில்லை, ஒழுங்காக நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் உங்களைச் சேர்த்துவிடும் தோழிக்குக் காசு எதிலிருந்து வருகிறது என்று நேராகக் கேளுங்கள். பாலிசி விற்ற கமிஷனிலிருந்து என்றால் அவருடைய கமிஷன் ஸ்டேட்மென்ட்டைக் காட்டச் சொல்லுங்கள், அதில் எந்தக் கம்பெனி பணம் போட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். நீங்கள் கட்டும் 7,500-இல் அவருக்கு ஒரு பங்கு, நீங்கள் இன்னும் நாலு பேரைச் சேர்த்தால் உங்களுக்கு ஒரு பங்கு என்று பேச்சு போனால் எழுந்து வந்துவிடுங்கள். ஆள் சேர்த்தால் காசு என்று பணத்தைச் சுழற்றும் திட்டங்களுக்கு 1978-லேயே சட்டம் தடை போட்டுவிட்டது, சங்கிலி முறையில் இன்சூரன்ஸ் பிடிக்கக் கூடாது என்று 2015 சட்டத் திருத்தமும் சொல்கிறது.

அடுத்தது ரசீது. ரசீதிலோ விண்ணப்பத்திலோ இருக்கும் கம்பெனியின் முழுப் பெயரை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொண்டு, மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் தேடுங்கள். 21 எழுத்தில் ஒரு அடையாள எண் வரும். அதில் ஏழாவது, எட்டாவது எழுத்து மாநிலம், தமிழ்நாடு என்றால் டிஎன் அல்லது டிஇசட், புதுச்சேரி என்றால் பிஒய். அதையடுத்த நான்கு இலக்கம் கம்பெனி பதிவான வருடம். மேடையில் இருபது வருட அனுபவம் என்றவர்களின் எண்ணில் 2022 இருந்தால் அதற்கு விளக்கம் கேளுங்கள். இந்தப் பதிவு வெறும் பிறப்புச் சான்றிதழ் மாதிரிதான், இன்சூரன்ஸ் விற்கவோ டெபாசிட் வாங்கவோ அது அனுமதி ஆகாது. இன்சூரன்ஸ் விற்க அந்தக் கம்பெனிக்கு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் பதிவு வேண்டும், மியூச்சுவல் ஃபண்ட் விற்க ஃபண்ட் கம்பெனிகளின் சங்கமான ஆம்ஃபி தரும் ஏஆர்என் என்ற பதிவு எண் வேண்டும். இரண்டையும் அந்தந்தத் தளத்திலேயே சரிபார்க்கலாம்.

உங்களுக்கும் தேர்வு உண்டு. மியூச்சுவல் ஃபண்டுக்கு என்ஐஎஸ்எம் என்ற நிறுவனம் நடத்தும் 5-ஏ தேர்வை எழுதித் தேறி, உங்கள் பேரில் ஏஆர்என் வாங்க வேண்டும். இன்சூரன்ஸுக்கும் பயிற்சி, தேர்வு தனியாக இருக்கிறது. 'தேர்வெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதலில் வாடிக்கையாளரைக் கூட்டி வாருங்கள்' என்றால் அவர்களுக்கு வேண்டியது உங்கள் சொந்தக்காரர்கள்தான். இன்னொன்று, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியிடம் முதலீட்டு ஆலோசகராகப் பதியாமல், ஃபண்ட் விற்பவர் 'நிதி ஆலோசகர்' போன்ற பட்டத்தைக் கார்டில் போட்டுக்கொள்ளக் கூடாது.

கோடு, அதாவது பாலிசியை யார் பிடித்தார் என்று காட்டும் ஏஜென்ட் எண். அந்த விஷயத்தில் நான் பட்ட அடியைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒரு சீனியரின் கோடில் வேலை செய்தேன். மஞ்சக்குப்பத்திலிருந்து முதுநகர் வரை வீடு வீடாக அலைந்து பிடித்த பாலிசி எல்லாம் காகிதத்தில் அவர் பிடித்ததாகவே இருந்தது. நாலு வருடம் கழித்து விலகியபோது ரின்யூவல் கமிஷன் ஒரு ரூபாய்கூட எனக்கு வரவில்லை, கேட்கவும் வழியில்லை. ஆனால் கிளெய்ம் என்றதும் அந்த வீட்டுக்காரர்கள் என்னைத்தான் கூப்பிட்டார்கள், இன்றும் கூப்பிடுகிறார்கள். அதனால் ஒப்பந்தத்தில் இரண்டைத் தேடுங்கள்: விண்ணப்பத்தில் எந்தக் கோடு ஏறும், நீங்கள் விலகினால் பிறகு வரும் கமிஷன் யாருக்கு. வாயால் சொல்வது போதாது, எழுத்தில் இருக்க வேண்டும்.

இன்சூரன்ஸோடு 'மாதம் இத்தனை சதவீதம் தருகிறோம், டெபாசிட்டும் பிடித்துக் கொடுங்கள்' என்றால் அங்கே ஒரு நிமிஷமும் நிற்காதீர்கள். 2019-ஆம் ஆண்டு சட்டப்படி, முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டத்துக்கு ஆள் பிடிப்பவருக்கே ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்தில் அந்த நிறுவனம் பற்றித் தேடலாம், புகாரும் தரலாம். பணம் போனால் பக்கத்து வீட்டு அக்கா பாண்டிச்சேரி ஆபீஸைத் தேடிப் போகமாட்டார், உங்கள் கதவைத்தான் தட்டுவார்.

முடிந்தால் அந்தக் கம்பெனியை விட்டு விலகிய இரண்டு பேரையாவது பார்த்துப் பேசுங்கள். தோழியிடமே கேட்டால் பெயர் கிடைக்கும். 50 பேர் பட்டியலை இப்போது தராதீர்கள், அது உங்களை நம்பி நம்பர் கொடுத்தவர்களின் விவரம். அடுத்த கூட்டத்துக்குப் போனால் ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கி வந்து வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். கையெழுத்துப் போட்டால்தான் நகல் தருவோம் என்றால், அடுத்த கடலூர் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுங்கள்.