எக்செல் பின்னணிப் படம் ஏன் எல்லாத் திரையிலும் ஒரே மாதிரி பொருந்துவதில்லை?

எக்செலில் ‘பேஜ் லேஅவுட்’ போய் ‘பேக்கிரவுண்ட்’ கொடுத்தால் கட்டங்களுக்குப் பின்னால் வருவதுதான் பின்னணிப் படம். அது திரைக்கேற்ப விரியாது. தன் அளவிலேயே திரும்பத் திரும்ப ஒட்டப்படும். தரைக்கு டைல்ஸ் போடுவது மாதிரி: அறை பெரிதானால் டைல்ஸ் பெரிதாகாது, எண்ணிக்கைதான் கூடும். 1366 பிக்சல் அகல லேப்டாப்புக்குச் செய்த படம் 1920 பிக்சல் மானிட்டரில் வலது ஓரத்தில் மறுபடி தொடங்குவது இதனால்தான். லோகோ இருந்தால் பாதி லோகோ அங்கே துருத்திக்கொண்டு நிற்கும்.

முகப்பு ஷீட் என்றால், ‘இன்சர்ட்’ வழியாகப் படத்தை வைத்து, அது மூடும் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, ‘வியூ’வில் ‘ஜூம் டு செலக்‌ஷன்’ (தேர்ந்தெடுத்த கட்டங்களைத் திரைக்கேற்பப் பெரிதாக்கும் அல்லது சிறிதாக்கும் வசதி) அழுத்துங்கள். நான் இதையே பரிந்துரைப்பேன்.

அதிக ரெசல்யூஷன் படம் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது, சின்னத் திரையில் படத்தின் இடது மேல் பகுதி மட்டுமே தெரியும்.