வள்ளம் வலிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு ரோயிங் பயிற்சி எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. உயரம் 172 சென்டிமீட்டர். இந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பு. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை, "ரோயிங்கில் (துடுப்புப் படகுப் பந்தயம்) சேர்த்துவிடுங்கள், நன்றாக வருவாள்" என்கிறார். என் வீட்டுக்காரர் கடல்தொழில் செய்கிறவர். "தலைமுறை தலைமுறையா வள்ளம் வலிக்கிறோம், இதுக்கு எதுக்கு கோச்சு?" என்று கேட்கிறார். நம் மாவட்டத்தில் இதற்குக் கிளப் இருப்பதாகத் தெரியவில்லை. நாகர்கோவிலில் ஒரு ஜிம்மில் ரோயிங் மெஷின் இருக்கிறது. அதில் பழகினால் போதுமா? மணக்குடிக் காயலில் பயிற்சி செய்யலாமா? படகு வாங்க வேண்டுமா?
(மணக்குடியிலிருந்து ஒரு தாய்)

பதில்:

தங்கச்சி, படகு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வாங்காதீர்கள். ஒருவர் ஓட்டுகிற பந்தயப் படகு எட்டு மீட்டருக்கு மேல் நீளம், எடை 14 கிலோதான். உட்கார்ந்தால் இடுப்புக்கு இருபுறமும் மிச்சம் இருக்காது. அவ்வளவு ஒல்லி. கரையில் ஒரு கல்லில் தட்டினால் ஓடு விரிசல் விட்டுவிடும். விலை பல லட்சம் போகும். கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு அது வேண்டியதே இல்லை. தொடக்கத்துக்கு அகலமான படகுகள் பயிற்சி மையங்களிலேயே இருக்கும். நல்ல மையத்தில் சேர்ந்த பிள்ளை பல ஆண்டுகள் சொந்தப் படகு இல்லாமலேயே போட்டிகளுக்குப் போகலாம்.

இனி உங்கள் வீட்டுக்காரர் கேட்டது. நானும் கடல்தொழில் செய்கிற வீட்டில் பிறந்தவன் என்பதால் அந்தக் கேள்வி எனக்கு நன்றாகப் புரிகிறது. அவர் சொல்வதில் பாதி சரி. கட்டுமரத்திலும் சிறு வள்ளத்திலும் துடுப்பைக் கையில் பிடித்து, போகிற திசையைப் பார்த்து வலிக்கிறோம். வலு தோளிலிருந்தும் கையிலிருந்தும் வருகிறது. ரோயிங்கில் முதுகுதான் போகிற திசையில் இருக்கும். துடுப்பு கையில் தொங்காது. படகுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் நுனியில் ஒரு கொண்டியில் மாட்டியிருக்கும். பாதங்கள் படகோடு பொருத்திய காலணிக்குள் இருக்கும். உட்காரும் பலகைக்குச் சின்னச் சக்கரங்கள் உண்டு, தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும். இத்தனை ஏற்பாடும் ஒரே ஒரு காரணத்துக்காக. உடம்பில் மிக வலுவான தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன, அந்த வலுவைத் தண்ணீருக்குக் கொண்டுபோக வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் கை விளையாட்டாகத் தெரியும். உண்மையில் இது கால் விளையாட்டு.

நான் முதன்முதலில் பயிற்சிக்குப் போனபோது என்னிடமிருந்து கழற்ற மிகவும் சிரமப்பட்ட பழக்கம், கையால் வலிப்பதுதான். சின்ன வயதிலிருந்தே பழகிய கை. தண்ணீரைத் துடுப்பு தொட்ட அதே நொடியில் முழங்கை மடங்கிவிடும். அதைத் திருத்தவே ஒரு பருவம் முழுக்கப் போனது. அப்பா கடலுக்குப் போகிறவர் என்பது உங்கள் மகளுக்குப் பெரிய பலம். அந்தப் பலம் வேறொரு இடத்தில் உதவும், கீழே சொல்கிறேன். ஆனால் வலிக்கிற முறையை அவள் புதிதாகத்தான் படிக்க வேண்டும்.

தண்ணீரோடு பிறந்தால்தான் இதில் வர முடியும் என்பதும் இல்லை. தத்து போகனல் மகாராஷ்டிராவில் நாசிக் மாவட்டத்து வறட்சிக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். அப்பாவோடு கிணறு தோண்டும் வேலைக்குப் போனவர். ராணுவத்தில் சேர்ந்த பிறகு, உயரத்தைப் பார்த்து ரோயிங்குக்கு அனுப்பினார்கள். ஆரம்பத்தில் தண்ணீரைக் கண்டாலே பயந்தவர், 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் தனிநபர் பிரிவில் 13-ஆம் இடம் பிடித்தார். 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கம் வென்ற அணியிலும் அவர் இருந்தார். உயரம், நீண்ட கை, நல்ல இதயம், சலிப்பில்லாமல் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிற பொறுமை, இவைதான் இங்கே மூலதனம். 15 வயதில் 172 சென்டிமீட்டர் என்றால் ஆசிரியை கண் வைத்ததில் வியப்பில்லை.

ஜிம் மெஷினை நாங்கள் எர்கோ என்போம். போதுமா என்றால், முதல் ஆறு மாதங்களுக்குப் போதும். ஆனால் தவறாகப் பழகினால் அதுவே கெடுதலாகிவிடும். அதனால் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்து மகளிடம் காட்டுங்கள்.

மெஷினில் உட்கார்ந்து முழங்கால் மடித்து முன்னே வந்ததும், கெண்டைக்கால் தரைக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். கை நீட்டி, தோள் தளர்ந்து, இடுப்பிலிருந்து உடம்பு சற்றே முன்னால் சாய்ந்திருக்கும். இதுதான் கேட்ச். இங்கிருந்து காலை மட்டும் உதைக்க வேண்டும். கையும் முதுகும் அப்போது எதையும் இழுக்கக் கூடாது. கடலில் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற கயிறு போல விறைப்பாகத் தாங்கிக்கொண்டிருந்தால் போதும். கால் ஏறக்குறைய நீண்ட பிறகுதான் இடுப்பு பின்னால் திறக்கும். கடைசியில் கை மடங்கும், மெஷினின் பிடி விலா எலும்பின் அடிப்பக்கத்துக்கு வந்து நிற்கும். திரும்பும்போது இதே வரிசை தலைகீழ். முதலில் கை நீளும், பிறகு உடம்பு முன்னால் சாயும், பிடி முழங்காலைத் தாண்டிய பின்தான் கால் மடங்கும்.

வேகத்தைப் பற்றியும் ஒன்று. உதைப்பதற்கு ஒரு மடங்கு நேரம் என்றால், திரும்பி வருவதற்கு இரண்டு மடங்கு எடுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அவசரமாக முன்னே பாய்வார்கள். தண்ணீரில் அப்படிப் பாய்ந்தால் ஓடிக்கொண்டிருக்கிற படகை நீங்களே பின்னால் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். நிமிடத்துக்கு எத்தனை முறை வலிக்கிறோம் என்று திரை காட்டும், அந்த எண் 18, 20-ஐத் தாண்டாமல் அவள் முதல் இரண்டு மாதம் ஓட்டட்டும். பந்தயத்தில் அது 32-க்கு மேல் போகும், அதற்கு இப்போது அவசரம் இல்லை.

மெஷினின் சக்கரத்துப் பக்கவாட்டில் 1 முதல் 10 வரை எண் போட்ட ஒரு தடுப்பு இருக்கும். ஜிம்மில் பையன்கள் அதை 10-ல் வைத்து இழுப்பதைப் பார்க்கலாம். அது ஈர வலை ஏற்றிய வள்ளத்தை வலிப்பது போல. முதுகுத்தண்டின் அடிப்பகுதிக்குக் கேடு. அவள் 3 அல்லது 4-ல் வைக்கட்டும். ரோயிங்கில் பிள்ளைகளை அதிகம் வாட்டுகிற காயம் இடுப்புக்கு மேலான முதுகுவலிதான், பெரும்பாலும் முதுகை வளைத்து இழுப்பதால் வருவது. வலி வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். தாங்கிக்கொண்டு செய்யச் சொல்லாதீர்கள்.

வாரம் நான்கு நாள், ஒவ்வொரு நாளும் 20 நிமிடத்தில் தொடங்கி மூன்று மாதத்தில் 40 நிமிடம் வரை போகட்டும். அப்புறம் 2,000 மீட்டருக்கு ஒரு தடவை நேரம் பாருங்கள். முதல் முயற்சியிலேயே ஒன்பது நிமிடத்துக்குள் முடித்தால் எனக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்க ஆசை வரும். முடியாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அடுத்த மூன்று மாதத்தில் எவ்வளவு குறைகிறது என்பதுதான் பயிற்சியாளர்கள் பார்க்கிற கணக்கு.

சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். உயரமான பெண் பிள்ளைகள் மெலிய வேண்டும் என்று காலைச் சாப்பாட்டை விடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். எடை குறைந்தவர்களுக்கென்று ஒலிம்பிக்கில் இருந்த பிரிவும் 2024 பாரிஸோடு முடிந்துவிட்டது. நம் வீட்டுச் சாளையும் மரச்சீனியும் ரோயிங் பிள்ளைக்கு அருமையான உணவு.

நீச்சல் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. கடற்கரை ஊர்களில் பையன்கள் நடக்கிற வயதிலேயே நீந்திவிடுகிறார்கள், பெண் பிள்ளைகள் பலர் கரையிலேயே வளர்கிறார்கள். அவளுக்குத் தெரியாது என்றால் எர்கோவுக்கு முன்பே நீச்சல்தான். நிற்காமல் 100 மீட்டர் நீந்தவும், உடையோடு ஐந்து நிமிடம் மிதக்கவும் வர வேண்டும். ரோயிங் படகு கவிழ்வது சாதாரணம். பாதம் காலணிக்குள் இருக்கும்போது தலைகீழாகப் போனால் பதறாமல் ஒரே இழுப்பில் காலை விடுவிக்கத் தெரிய வேண்டும். மையங்களில் இதைத் தனியாகப் பயிற்றுவிப்பார்கள். தண்ணீர்ப் பயம் உள்ள பிள்ளையால் அதைச் செய்ய முடியாது.

மணக்குடிக் காயலுக்கு வருவோம். பழையாறு கடலைச் சேர்கிற அந்த நீர், விடிகாலையில் காற்று எழும் முன் கண்ணாடி போலக் கிடப்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பழகுவதற்கு அழகான இடம். பந்தயப் படகு அங்கே இப்போது வேண்டாம், பாதுகாப்புப் படகும் பயிற்சியாளரும் இல்லாமல் ஒரு பிள்ளையை அதில் தனியாக விடக் கூடாது. ஆனால் அப்பாவோடு ஒரு சிறு வள்ளத்தில், மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஞாயிறு காலை ஒரு மணி நேரம் போகலாம். உடம்பை அசைத்தால் வள்ளம் எப்படிச் சாய்கிறது, நிறுத்தினால் எவ்வளவு தூரம் தானாக ஓடுகிறது என்பதெல்லாம் எர்கோ சொல்லித்தராத பாடங்கள். காயல் கடலோடு சேர்கிற பொழிமுகம் பக்கம் மட்டும் போக வேண்டாம். பொழி திறந்திருக்கும்போது, வேலி இறக்கத்தில், அதாவது கடல் வற்றும்போது, தண்ணீர் கடலுக்கு இழுக்கிற வேகம் உங்கள் வீட்டுக்காரர் அறிந்ததுதான்.

தேரூர், சுசீந்திரம் குளங்களில் இறங்கலாமா என்று யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம் அது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் இறங்குகிற இடத்தில் படகை ஓட்டிப் பழகுவது எனக்குச் சம்மதமில்லை. பேச்சிப்பாறை போன்ற அணைகள் என்றால் அனுமதி இல்லாமல் பேச்சே இல்லை.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் கவனித்துக் கேட்க வேண்டிய செய்தி. ரோயிங் இத்தனை காலம் ஆறு, ஏரி, செயற்கைக் கால்வாய் என்று பெரிய அலை இல்லாத தண்ணீரில்தான் ஒலிம்பிக் பந்தயமாக இருந்தது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் முதன்முறையாகக் கடற்கரை ரோயிங் சேருகிறது. பீச் ஸ்பிரிண்ட் என்று பெயர். இரண்டு பேர் ஒரே நேரத்தில் மணலில் ஓடி வந்து, தண்ணீரில் பிடித்து வைத்திருக்கிற படகில் ஏறி, மிதவைகளைச் சுற்றி வளைந்து 250 மீட்டர் போய், அங்கிருந்து நேராகக் கரைக்குத் திரும்பி, குதித்து ஓடிவந்து முடிக்க வேண்டும். தோற்றவர் வெளியே, வென்றவர் அடுத்த சுற்றுக்கு. பெண்கள் தனிநபர், ஆண்கள் தனிநபர், கலப்பு இரட்டையர் என மூன்று பிரிவுகள். படகும் வேறு. தனிநபர் படகு ஆறு மீட்டர் நீளம், குறைந்தது 35 கிலோ எடை, அகலமான அடி, ஏறிய தண்ணீர் பின்புறம் தானாக வடிந்துவிடும்.

யோசித்துப் பாருங்கள். எந்த அலையை விட்டு எந்த அலையில் இறங்குவது, மூக்கை அலைக்கு நேரே எப்படி வைத்திருப்பது, எப்போதும் படகை அலைக்குக் குறுக்கே காட்டாமல் எப்படித் திருப்புவது, கரைக்கு வரும்போது பின்னால் எழுகிற அலையை எப்படி முதுகில் வாங்கி ஓடுவது. ஏரியில் பழகிய வீரர்கள் இதையெல்லாம் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. குமரிக் கரையில் இது அப்பா மகளுக்குச் சொல்லித்தருகிற விஷயம். அந்த அறிவை அவர் இப்போதே அவளுக்குக் கொடுக்கத் தொடங்கட்டும். கரையில் நின்று அலையை எண்ணக் கற்றுக்கொடுப்பதே நல்ல தொடக்கம். கால் வலு, வலிக்கிற முறை இரண்டையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கடலைப் படிப்பதில் அவர்தான் கோச்.

ஆனால் எச்சரிக்கை இல்லாமல் கடலில் இறங்கச் சொல்ல மாட்டேன். வானம் தெளிந்து, காற்றே இல்லாத நாளிலும் எங்கோ தெற்குப் பெருங்கடலில் எழுந்த புயலின் அலை நம் கரைக்கு வந்து ஏறும். கள்ளக்கடல் என்கிறோமே, அதுதான். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து இளம் உயிர்கள் போனது அப்படியொரு எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் இந்த அலைகளுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. அந்த நாட்களில் ஜிம் மட்டும் போதும்.

அடுத்த கட்டம். ஆறு மாதம் எர்கோவும் நீச்சலும் முடிந்தால், உண்மையான படகில் ஏற வேண்டும். நமக்குப் பக்கம் ஆலப்புழை. அங்கே இந்திய விளையாட்டு ஆணையத்தின் நீர் விளையாட்டு மையம் இருக்கிறது. தேர்வு நடத்தி, உயரமும் உடல் வலுவும் பார்த்துப் பிள்ளைகளை எடுப்பார்கள். தங்கிப் படிக்கத் தேர்வானால் உணவும் பயிற்சியும் அரசுச் செலவு. இன்னொரு வழி சென்னை. 1867-ல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் அடையாற்றில் இன்றும் நடக்கிறது. தூரம் அதிகம், விடுமுறைக்குச் சில வாரம் உறவினர் வீட்டில் தங்கிப் பழக முடியுமென்றால் மட்டும் யோசியுங்கள். எங்கே சேர்த்தாலும் சேர்க்கும் முன்பே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள், போட்டியில் அவள் தமிழ்நாட்டுக்காகவா கேரளத்துக்காகவா இறங்குவாள்? இதைக் கேட்காமல் விட்டு, பிறகு பதிவில் சிக்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். தமிழ்நாடு அரசு வேலைகளில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருப்பதால் இது சின்ன விஷயம் இல்லை. நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில், எந்த நிலைப் போட்டிச் சான்றிதழ் எதற்குச் செல்லும் என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

படிப்பு கெடுமே என்று பயப்பட வேண்டாம். 19 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் அவளுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முந்தைய மூன்று மாதம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்தால் ஒன்றும் போய்விடாது.

இரண்டு வாரம் எர்கோ ஓட்டிய பிறகு, செல்போனை அவள் இடுப்பு உயரத்தில், சரியாகப் பக்கவாட்டில் வைத்து ஒரு நிமிடம் வீடியோ எடுத்து அனுப்புங்கள். முன்பக்கமிருந்து எடுத்தால் முதுகு தெரியாது. கால் நீளும் முன் கை மடங்குகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.