ரன் என்றால் ஓடு மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மொழிபெயர்ப்பு கற்றுவருகிறேன். ‘ஹீ ரன்ஸ் எ ஸ்கூல்’ என்பதைப் ‘பள்ளியை ஓட்டுகிறார்’ என்று எழுதியிருந்தேன். திருத்தியவர் அதைச் சுழித்துவிட்டார். ‘பஸ்ஸை ஓட்டுகிறார்’ சரியென்றால் இது ஏன் தப்பு? ‘ரன்’ வருமிடமெல்லாம் தடுமாறுகிறேன்.
– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள வாசகருக்கு,

தடுமாறுவது இயல்பு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்குத்தான். பின்னர் நடந்த திருத்தப் பணியில் ‘ரன்’ அதைத் தாண்டியது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள். அதைச் செப்பனிட பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதம் பிடித்தது.

உங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன். தமிழில் ‘ஓட்டு’ வண்டியோடு வந்தால் செலுத்துவது. கடை, குடும்பம், காலம் ஆகியவற்றோடு வந்தால் எப்படியோ சமாளிப்பது. ‘இந்தச் சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டுகிறேன்’ என்பதில் எவ்வளவு பெருமூச்சு இருக்கிறது! பள்ளியை ஓட்டுகிறார் என்றால், இழுத்துப்பறித்து நடத்துகிறார் என்று ஆகிவிடும். மூலத்தில் அந்தச் சிரமம் இல்லை. ‘பள்ளி நடத்துகிறார்’ என்பதே சரி.

‘ரன்’னுக்குப் பொருள் தேடாதீர்கள். பக்கத்திலிருக்கும் பெயர்ச்சொல்லை முதலில் தமிழாக்குங்கள், அது தனக்குரிய வினையைக் கூட்டிவரும். ஆறு, மெஷின், சினிமா எல்லாம் ஓடும். மூக்கு ஒழுகும். சாலை வடக்கே போகும். புத்தகம் 400 பக்கம் வரும். அமெரிக்கர் தேர்தலில் ‘ரன்’ செய்வார். பிரிட்டிஷ்காரர் ‘ஸ்டாண்ட்’ செய்வார். நாமும் தேர்தலில் நிற்கிறவர்கள்தான், ஆகவே அங்கே ஓட வேண்டியதில்லை.

அதிகம் பிழை நேர்வது எழுவாயில். ‘வீ ரேன் அவுட் ஆஃப் ஷுகர்’ என்பதில் எழுவாய் ‘நாங்கள்’. தமிழில் சர்க்கரைதான் எழுவாய்: ‘சர்க்கரை தீர்ந்துவிட்டது.’ ‘ஷீ இஸ் ரன்னிங் எ ஃபீவர்’ என்பதில் ‘அவள்’ நான்காம் வேற்றுமைக்குப் போய்விடுவாள்: ‘அவளுக்குக் காய்ச்சல் அடிக்கிறது.’ ஆங்கிலத்தில் குழாய் ‘ரன்’ ஆகும். நமக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். ஆங்கில எழுவாயை அப்படியே வைத்துக்கொண்டு வினையை மட்டும் எத்தனை முறை மாற்றினாலும் வாக்கியம் உட்காராது.

அடுத்து, ஒட்டிவரும் சின்னச் சொல். ‘ரன் இன்டு’ மூன்று விதமாக வரும்: கடைத்தெருவில் நண்பரை எதிர்பாராமல் பார்த்தேன், கார் மரத்தில் மோதியது, செலவு லட்சக்கணக்கில் போனது. ‘இன்டு’வுக்குப் பின் வருவது ஆளா, பொருளா, தொகையா என்று பார்த்தால் போதும்.

பெயர்ச்சொல்லாக வரும்போது இன்னும் கவனம் வேண்டும். ‘பேங்க் ரன்’னை ‘வங்கி ஓட்டம்’ என்றால் வங்கியே ஊரைவிட்டு ஓடியதுபோல் இருக்கும். 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். ஓடவில்லை. வங்கி முழுகிவிடுமோ என்ற பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் போட்ட பணத்தை எடுக்க வந்ததுதான் அங்கே ‘ரன்’. ‘பணத்தை எடுக்க மக்கள் வங்கியை மொய்த்தார்கள்’ என்று வாக்கியமாகவே விரித்து எழுதுங்கள். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற கணக்கு இங்கே செல்லாது.

கிரிக்கெட்டில் மட்டும் ‘ரன்’னை அப்படியே விட்டுவிடலாம். ‘ஓட்டம்’ என்று எழுதும் பத்திரிகைகளும் உண்டு, அதுவும் பிழையில்லை.