கோடையிலும் ஓய்வில்லை – கடிதமும் பதிலும்

வணக்கம்.

எங்கள் மூன்று குழந்தைகளும் பள்ளிக்குப் போவதில்லை. வீட்டிலேயே நான்தான் கற்றுத்தருகிறேன். கொஞ்சம் ஓய்வு கிடைக்குமே என்று கோடை வந்ததும் பாடங்களை முழுவதுமாக நிறுத்திவிட்டேன். ஆனால் பாடம் நடந்த நாட்களைவிட இப்போதுதான் அதிகம் களைத்துப்போகிறேன். இரவில் உட்கார்ந்தால் அடுத்த ஆண்டுப் பாடத்திட்டம் பற்றிய யோசனை. படித்ததெல்லாம் மறந்துபோகுமோ என்ற பயம் வேறு. கணவர் கேட்டால் உதவுகிறார். ஆனாலும் சற்றுப் படுத்தாலே குற்ற உணர்வு வருகிறது. என்ன செய்வது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

பாடம் நின்ற பிறகுதான் களைப்பு கூடியது என்கிறீர்கள். அப்படியானால் களைப்புக்குக் காரணம் பாடம் மட்டும் அல்ல. பாடம் நடந்தபோது காலைப்பொழுதுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. கணக்கு முடிந்தால் வாசிப்பு, அது முடிந்தால் விளையாட்டு என்று குழந்தைகளுக்கே தெரியும். இப்போது, “அம்மா, அடுத்து என்ன செய்யட்டும்?” என்று கால் மணிக்கு ஒருமுறை உங்களிடம் வந்து நிற்கிறார்கள். மூன்று பேருக்கும் மூன்று பதில் யோசிக்க வேண்டும், நடுவில் ஒரு பஞ்சாயத்தும் தீர்க்க வேண்டும். ஓயாமல் முடிவெடுப்பதுதான் உங்களை அயர வைக்கிறது. பாடத்தை நிறுத்தியது சரி. நேர ஒழுங்கை மட்டும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

அதில் முதலில், மதிய உணவுக்குப் பின் ஒரு மணி நேரத்தை அமைதி நேரம் என்று வையுங்கள். ஆளுக்கொரு மூலை, புத்தகமோ காகிதமும் வண்ணமுமோ கையில். தூங்கச் சொல்ல வேண்டாம். பழகாத குழந்தைகளுக்குப் பதினைந்து நிமிடத்தில் தொடங்கி மெல்ல நீட்டலாம். முதல் சில நாட்கள் கடைக்குட்டி கதவைத் திறந்துகொண்டு வரும், கட்டிலுக்கடியில் கிடைத்த பொத்தானைக் காட்டுவதற்காக. பார்த்துவிட்டு, “மணி அடித்ததும் பேசலாம்” என்று திருப்பி அனுப்புங்கள். “சலிப்பாக இருக்கிறது” என்று யாராவது சொன்னால் அதைத் தீர்த்துவைக்க எழுந்துவிடாதீர்கள். சிறிது நேரம் சலித்த குழந்தை தானே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்துக்கொள்ளும். மிக முக்கியமாக, அந்த நேரத்தில் துணி மடிக்காதீர்கள். படுத்துக்கொள்ளுங்கள்.

மறதியைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். அமெரிக்க உளவியலாளர் ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் 39 ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் வெளியிட்ட கட்டுரைதான் இதில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. கோடை விடுமுறையில் மாணவர்கள் சராசரியாக ஒரு மாதப் படிப்பின் அளவுக்குப் பின்தங்குகிறார்கள் என்றது அது. கணக்குப் போடுவதிலும் எழுத்துக்கூட்டலிலும்தான் சரிவு அதிகம். அந்த அளவுகூட உண்மையா என்று பிற்கால ஆய்வாளர்கள் சிலர் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். ஒருமுறை கற்று மறந்ததை மறுபடி கற்க முன்பைவிடக் குறைந்த நேரமே பிடிக்கும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-லேயே சோதித்துக் காட்டிவிட்டார். மேலும், எந்தக் குழந்தை எந்தக் கணக்கில் நின்றது என்பது உங்களுக்கு அத்துப்படி. அப்படியும் மனம் கேட்காவிட்டால் தினமும் பத்து நிமிடக் கணக்கு போதும்.

அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கு, பாடம் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் இரண்டு நாட்களைக் குறித்துவையுங்கள். அதுவரை தோன்றுவதையெல்லாம் ஒரு நோட்டில் ஒரு வரியாக எழுதி மூடிவிடுங்கள்.

கணவர் “கேட்டால் உதவுகிறார்” என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்பதும் ஒரு வேலைதானே! வாரத்தில் ஓர் அரை நாளை முழுவதுமாக அவர் பொறுப்பில் விடுங்கள். என்ன சமைப்பது, யாரைக் குளிப்பாட்டுவது என்பதையெல்லாம் அவரே முடிவு செய்யட்டும். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பிள்ளை வந்து நின்றாலும் நீங்கள் குறுக்கிடாதீர்கள்.

பள்ளி ஆசிரியர் விடுமுறையில் ஓய்வெடுத்தால் யாரும் குறை சொல்வதில்லை. அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்துவிட்டு, வீட்டையும் பார்த்துக்கொள்ளும் நீங்கள் படுத்தால் மட்டும் அது குற்றமா? எனக்கு இதில் கோபமே வருகிறது.

இன்னொன்று. நன்றாகத் தூங்கியும் சில வாரங்களுக்குக் களைப்பு தீராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் பெண்களிடம் பரவலாக இருப்பவை. இரண்டுமே அயர்ச்சியைத் தரும். எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வீட்டுவேலைக் களைப்புதானே என்று தள்ளிப்போட வேண்டாம்.

அன்புடன்.