பழைய லேசர் படகு வாங்கலாமா? பாய்மரம் பழகுபவர்களின் கேள்விகள்

கேள்வி: எனக்கு வயது 38, எடை 64 கிலோ. சென்னைத் துறைமுகத்தில் வார இறுதிப் பயிற்சியாக டிங்கி (சின்னப் பாய்மரப் படகு) ஓட்டப் பழகினேன். ஒருவர் தன் பழைய லேசர் படகை விற்கிறார். "பாய் புதுசு, படகு நல்ல கண்டிஷன்" என்கிறார். வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
- வாசகர், வேளச்சேரி

பதில்: படகைப் பார்க்கப் போகும் முன் ஒன்று சொல்லுங்கள்: வாங்கினால் எங்கே வைப்பீர்கள்? லேசர் ஒருவர் ஓட்டும் டிங்கிதான், ஆனாலும் நீளம் 4.2 மீட்டர். அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் வைக்க அசோசியேஷன் விடாது. அப்படியே விட்டாலும், அங்கிருந்து எந்தத் தண்ணீருக்குக் கொண்டுபோவீர்கள்? மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் அலை கரையை ஒட்டியே உடைகிறது. அதில் படகைத் தள்ளிக்கொண்டு போவது மீனவர்களுக்குக் கைவந்த கலை. புதிதாகப் பழகுபவர் இறங்கினால் முதல் நாளே பாய்மரம் மணலில் குத்தி வளையும். ஆகவே துறைமுகத்துக்குள் இருக்கும் கிளப்பில் உறுப்பினராகி, படகு வைக்க இடம் உறுதியான பிறகுதான் விலை பேச வேண்டும். ராயல் மெட்ராஸ் யாட் கிளப், தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷன் இரண்டிலும் விசாரியுங்கள். உறுப்பினர் கட்டணம், படகு நிறுத்தும் கட்டணம், துறைமுக நுழைவு அனுமதி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். படகின் விலை ஒரு முறை கொடுப்பது. இவை வருடா வருடம் வரும்.

என்னைக் கேட்டால், ஒரு சீசன் முழுக்க கிளப் படகிலேயே ஓட்டுங்கள் என்பேன். கவிழ்ந்த படகை யார் உதவியும் இல்லாமல் நிமிர்த்தி, மூச்சு வாங்காமல் ஏறி உட்காரும் அளவுக்கு வந்துவிட்டீர்களா? அப்போது சொந்தப் படகைப் பற்றி யோசிக்கலாம். கிளப் படகில் விழும் கீறலுக்கு நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை என்பதும் ஒரு வசதி.

இதெல்லாம் சரியாக இருக்கிறது என்றால், லேசர் தப்பான தேர்வு இல்லை. கனடாக்காரர் ப்ரூஸ் கிர்பி வரைந்த படகு இது, 1971-இல் விற்பனைக்கு வந்தது. உலகம் முழுக்க ஒரே அளவில் செய்வதால் உதிரி பாகம் எங்கே வாங்கினாலும் பொருந்தும். சில ஆண்டுகளாக இதே படகு 'இல்கா' என்ற பெயரில் விற்கப்படுகிறது. பெயர் மாறியதைக் காட்டி யாராவது விலை ஏற்றினால் ஏமாற வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் முக்கியமானது எடை. லேசரின் பெரிய பாய் 7.06 சதுர மீட்டர். அது 80 கிலோவை ஒட்டி எடை உள்ளவர்களுக்கானது. 64 கிலோவை வைத்துக்கொண்டு மத்தியானக் கடற்காற்றில் அதை இழுத்துப் பிடிப்பது தண்டனை. ரேடியல் (இப்போது இல்கா 6) பாய் 5.76 சதுர மீட்டர். உங்களுக்கு அதுதான். படகு ஒன்றேதான், பாயும் பாய்மரத்தின் கீழ்ப்பாதியும் மட்டும் மாறும். ஆக, "பாய் புதுசு" என்றவரிடம் "எந்த சைஸ்?" என்று கேளுங்கள். பெரிய பாய் என்றால் ரேடியல் பாய்க்கும் கீழ்மரத்துக்கும் ஆகும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ரேடியல் என்றால் ஏதோ சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது ரேடியல்தான்.

அப்புறம், அந்தப் புதுப் பாய் ஒரிஜினலா, நகலா? நகல் பாய் பழகுவதற்குத் தாராளமாகப் போதும், விலையும் குறைவு. ஆனால் லேசர் படகுகளுக்கென்றே நடக்கும் போட்டிகளில் அனுமதிக்க மாட்டார்கள். நகலுக்கு ஒரிஜினல் விலை கேட்கிறார்களா என்பதை மட்டும் கவனியுங்கள். பாய் உண்மையிலேயே புதியதா என்பது கையிலேயே தெரியும். புதுத் துணி மொடமொடவென்று சத்தம் போடும். வெயிலில் கிடந்து ஓய்ந்தது பலமுறை துவைத்த வேட்டி மாதிரி தொங்கும்.

இனி படகின் உடம்பு. ஒரு வாளித் தண்ணீர் கேளுங்கள். பாய்மரத்தை நிறுத்தும் குழியில் விளிம்பு வரை ஊற்றிவிட்டு, கால் மணி நேரம் ஊர்க்கதை பேசுங்கள். தண்ணீர் மட்டம் இறங்கியிருந்தால் குழியின் அடியில் விரிசல் என்று அர்த்தம். பலமான காற்றில் பாய்மரம் மேல்தளத்தைப் பிய்த்துக்கொண்டு வருவது இப்படிப்பட்ட படகுகளில்தான். சரிசெய்ய முடியும், ஆனால் தளத்தில் ஓட்டை போட்டு, உள்ளே கை விட்டு ஃபைபர் வேலை பார்க்க வேண்டும். பழகுபவர் வாங்கும் முதல் படகுக்கு இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

தொழிற்சாலையிலிருந்து வரும்போது வெறும் படகின் எடை சுமார் 59 கிலோ. தொங்கு தராசு கிடைத்தால் நிறுத்துப் பாருங்கள். ஐந்தாறு கிலோ கூடியிருந்தால், எங்கோ தண்ணீர் புகுந்து உள்ளேயே தங்கிவிட்டது. பின்பக்க அடைப்பானைத் திறந்து சாய்த்தால் எவ்வளவு வடிகிறது என்பதையும் பாருங்கள். மேல்தளத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வாருங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால், உள்ளே இருக்கும் ஃபோம் ஃபைபரை விட்டுப் பிரிந்திருக்கிறது.

பாய்மரம் இரண்டு துண்டு. மேல்துண்டைத் தரையில் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். இரண்டு துண்டும் சேரும் இடத்தில் இருக்கும் ரிவெட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். உப்புக் காற்றில் அலுமினியம் அங்கேதான் முதலில் அரிக்கும், மரம் முறிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

கயிறு, கப்பி இவை பழையதாக இருப்பது பெரிய விஷயமில்லை, போகப்போக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் படகைத் தண்ணீருக்கு உருட்டிப்போகும் தள்ளுவண்டி விலையில் சேர்த்தியா என்று கேட்கத் தவறாதீர்கள்.

கேள்வி: ஒன்பது வயது மகள் கோடைக்காலப் பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து சொந்தமாக ஆப்டிமிஸ்ட் படகு கேட்கிறாள். புதிது வாங்கித் தரலாமா?
- வாசகி, அடையாறு

பதில்: இப்போது வேண்டாம். ஆப்டிமிஸ்ட் நல்ல படகு. 1947-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் பிள்ளைகளுக்காகவே வரைந்தார். நீளம் 2.3 மீட்டர், எடை 35 கிலோ, ஒரே ஒரு பாய். உலகம் முழுக்கப் பிள்ளைகள் முதலில் ஏறுவது இதில்தான். ஆனால் போட்டிகளுக்கு 15 வயதுதான் உச்சவரம்பு. நன்றாக வளரும் பிள்ளைக்கு அதற்கு முன்பே முழங்கால் மடக்க இடம் போதாது. கிளப்பில் இந்தப் படகுகள் இருக்கின்றன, அதில் ஓட்டட்டும். போட்டிக்குப் போகும் கட்டம் வந்தால், படகை விட்டு வெளியேறும் மூத்த பிள்ளைகளின் பெற்றோர் விற்பார்கள். பயிற்சியாளர் காதில் போட்டு வையுங்கள். அப்போது மறக்காமல் பார்க்க வேண்டியது உள்ளே கட்டியிருக்கும் மூன்று காற்றுப் பைகள். முதல் நாள் ஊதி வைத்து, மறுநாள் போய்த் தொட்டுப் பாருங்கள். கவிழ்ந்த படகை மிதக்க வைப்பது அவைதான்.

கேள்வி: லைஃப் ஜாக்கெட் வாங்க வேண்டும். தண்ணீரில் விழுந்ததும் தானே ஊதிக்கொள்ளும் 150 நியூட்டன் ஜாக்கெட்தான் பாதுகாப்பானது என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?
- வாசகர், புதுச்சேரி

பதில்: பெரிய படகில் போகிறவர்களுக்கு உண்மை. டிங்கிக்கு அது உபத்திரவம். டிங்கி பழகுபவர் ஒரு காலையிலேயே பலமுறை கவிழ்வார். கவிழ்ந்ததும் ஜாக்கெட் உப்பிக்கொண்டால் படகுக்குள் ஏறுவதே கஷ்டம். ஒவ்வொரு முறையும் அதன் காற்றுக் குப்பியையும் மாற்றியாக வேண்டும். டிங்கி ஓட்டுபவர்கள் போடுவது ஃபோம் வைத்த 50 நியூட்டன் மிதவை உடை, ஆங்கிலத்தில் பாயன்சி எய்ட் என்பார்கள். பத்து நியூட்டன் என்பது ஏறத்தாழ ஒரு கிலோ தூக்கும் விசை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று, மயங்கிக் கிடப்பவரை முகம் மேலாகத் திருப்பும் வேலையை இது செய்யாது. நீச்சல் தெரிந்தவர்களுக்கும், மீட்புப் படகு பக்கத்தில் இருக்கும் இடத்துக்கும் உரியது இது.

ஐஎஸ்ஓ 12402-5 என்ற தர எண்ணும், எத்தனை கிலோ எடை உள்ளவருக்கு என்ற விவரமும் உள்பக்க லேபிளில் இருக்க வேண்டும். லேபிள் இல்லாத ஆரஞ்சு நிற ஜாக்கெட்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். கடையிலேயே போட்டு, பட்டைகளை இறுக்கிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் சைஸ் பெரிது. "வளரும் பிள்ளைதானே" என்று ஒரு சைஸ் கூடுதலாக வாங்கும் பழக்கத்தைச் சட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: இங்கே லண்டனில் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் பழைய மிரர் டிங்கியை இலவசமாகத் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?
- வாசகர், ஹாரோ

பதில்: மிரர், 1960-களில் பிளைவுட்டில் வீட்டிலேயே கட்டிக்கொள்ளும்படி வந்த படகு. சிவப்புப் பாய்தான் அடையாளம். இரண்டு பேர் பழக அருமையானது. ஆனால் படகுதான் இலவசம். கிளப் சந்தா, படகு வைக்கும் கட்டணம், மூன்றாம் நபர் காப்பீடு, இழுத்துப்போக டிரெய்லர் எல்லாம் உங்கள் தலையில். அதற்கு முன் ஆர்ஒய்ஏ (பிரிட்டனின் பாய்மரப் படகுச் சங்கம்) அங்கீகாரம் பெற்ற பள்ளியில் லெவல் 1, லெவல் 2 பயிற்சியை முடித்துவிடுங்கள். பிறகு பெரியவரின் அனுமதியோடு, கெட்டித் திருப்புளி ஒன்றை எடுத்துக்கொண்டு, மழைநீர் தேங்கும் மூலைகளில் மரத்தை மெதுவாகக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால், டீ குடித்துவிட்டு நன்றி சொல்லி வந்துவிடுங்கள்.