கருக்காத சரிகையும் சேலையின் வயதும்

இலங்கையின் கிழக்கே நெசவுக்குப் பெயர்பெற்ற மருதமுனையில் வாங்கிய அம்மம்மாவின் பருத்திச் சேலை 1930ஆம் ஆண்டளவில் நெய்யப்பட்டதென்றால் அதன் சரிகை ஏன் இன்னும் கருக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கரை அவ்வளவு பழையதாக இருக்க வாய்ப்புக் குறைவு.

பழைய சரிகை என்பது தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைப் பட்டு நூலின்மேல் சுற்றி, பொன் முலாம் பூசியது. மட்டக்களப்பு வாவிக்கரையின் ஈரக்காற்றில் முலாம் தேய்ந்த இடங்களில் வெள்ளி கருக்கத் தொடங்கிவிடும். பல்லாண்டுகள் பெட்டியில் கிடந்தும் பளபளப்புக் குன்றாதிருப்பது பெரும்பாலும் உலோகம் பூசிய பிளாஸ்டிக் இழை, அது பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே.

முந்தானை ஓரத்தில் தானாகக் கழன்ற ஓர் இழையை மட்டும் எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். உள்ளே மஞ்சள் அல்லது சிவப்பு நூலும் அதைச் சுற்றி நெருக்கமான கம்பிச் சுருளும் தெரிந்தால் அது உலோகச் சரிகை. நாடாபோல் வெட்டிய மெல்லிய தகடு மட்டும் தெரிந்தால் பிளாஸ்டிக். ஐயமிருந்தால், இடுக்கியால் பிடித்து நீர்க் கிண்ணத்தின் மேல் சுடரைக் காட்டுங்கள்: பிளாஸ்டிக் உருகிச் சுருண்டு கடினமான மணியாகும்.

ஆனால் கரையின் வயதைச் சேலையின் வயதாகக் கொள்ள வேண்டாம். கிழிந்த கரையை நீக்கிப் புதியதைத் தைப்பது எம்மவரிடம் சாதாரண வழக்கம் என்பதால், கரையும் உடலும் சேருமிடத்தில் தையல் உள்ளதா என்பதையும், அதுவரை துவைக்காமல், பார்த்துக்கொள்ளுங்கள்.