அடுத்த வீட்டுப் பெண்ணும் அரக்குத் தட்டும்: கேள்வி பதில்

மயிலாடுதுறை வாசகர்: 'படோசன்' இந்திப் படத்தைப் பார்த்து எடுத்ததுதானே 'அடுத்த வீட்டுப் பெண்'? அதைப் போய் ஏன் சார் தேடிச் சேர்க்கிறீர்கள்?

ஆண்டைப் பாருங்கள். நம்முடையது 1960, படோசன் 1968. இரண்டுக்கும் வேர் ஒரே வங்கக் கதை. 1953-லேயே தெலுங்கிலும் வந்துவிட்டது. பாட வராத டி.ஆர். ராமச்சந்திரன் வாயசைக்க, தங்கவேலு ஒளிந்து நின்று குரல் கொடுப்பார். மயங்குவது அஞ்சலி தேவி. இசை அவர் கணவர் ஆதிநாராயண ராவ்.

எனக்குப் பிடித்துப்போனதற்கு ஊர்ப்பாசமும் காரணம், மறைப்பானேன்! தங்கவேலு காரைக்கால் பக்கத்துக்காரர். பாட்டெழுதியவர் தஞ்சை ராமையாதாஸ். 'கண்களும் கவிபாடுதே' பாட்டில் மோதுவது சீர்காழி கோவிந்தராஜனும் திருச்சி லோகநாதனும். கேலிப் பாட்டுதான், ஆனால் சங்கதியில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பி.பி. ஸ்ரீனிவாஸின் 'கண்ணாலே பேசிப் பேசி' எல்லோருக்கும் தெரியும். படத்தின் பெயர்தான் பலருக்கு ஞாபகமில்லை.

கும்பகோணம் வாசகி: தாத்தா வீட்டுப் பரணில் நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய இசைத்தட்டுகள் கிடைத்தன. பூசணம் பிடித்திருக்கிறது. ஸ்பிரிட்டால் துடைக்கலாமா?

ஐயோ, வேண்டாம்மா! அது அரக்கு, ஸ்பிரிட் பட்டால் கரையும். சோப்பு ஒரு துளி கலந்த தண்ணீர், மெல்லிய துணி, தட்டின் வரிப்பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள். நடுவிலுள்ள காகிதம் நனையக்கூடாது. படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தியே வையுங்கள். பின்னால் வந்த எல்.பி. தட்டுக்கான முள்ளில் போட்டுப் பார்க்காதீர்கள். 78-க்கு வரிப்பள்ளம் அகலம், தனி முள் வேண்டும்.

திருவாரூர் வாசகர்: 'அடுத்த வீட்டுப் பெண்' பாட்டுப் புத்தகத்துக்கு ஒருவர் ஆயிரம் ரூபாய் கேட்கிறார். அசல்தானா என்று எப்படித் தெரியும்?

தாளைத் திருப்பி விரலால் தடவுங்கள். அச்செழுத்து கோத்து அடித்ததென்றால் பின்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும். ஜெராக்ஸில் அது இருக்காது. தாள்களைத் தைத்த கம்பி துருப்பிடித்து, சுற்றிலும் பழுப்புக் கறை இருப்பது நல்ல அடையாளம். அட்டையில் யாரோ மையால் பேர் எழுதியிருந்தால் சிலர் விலையைக் குறைப்பார்கள். நான் அதைத்தான் முதலில் எடுப்பேன். கதைச் சுருக்கப் பக்கம் கிழிந்திருந்தால் மட்டும் பாதி விலைக்குக் கேளுங்கள்.

அதே வாசகர்: வாங்கினால் லேமினேட் பண்ணிவிடலாமா?

பண்ணினால் அப்புறம் என்னிடம் விற்க வராதீர்கள்.